பங்காளி மலை ஓணான்

ஆளில்லாத லாரிகள் ரோட்டில் ஓடத் தொடங்கிய காலத்தில் காட்டு உயிர்களைத் தலை எண்ணிப் பார்க்கிற வழக்கம் ஒழிந்துபோனது. தலைக்குப் பதில் வாரிசுக் கணக்கு என்று சட்டம் போட்டார்கள். அந்தக் கணக்கை எடுக்கிற கருவிக்கு வாரிசுமானி என்று பேர். பார்வைக்கு இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கும். பாறைமேல் வைத்து மூடியைத் திறந்துவிட்டால் காற்றில் வருகிற செதில், எச்சம், உரிந்த தோல் அத்தனையையும் மோந்துபார்த்து, எது எதற்குப் பிறந்தது, எது எதோடு சேர்ந்தது என்று குடும்ப ரகசியம் மொத்தத்தையும் கக்கிவிடும். மனுசனாக இருந்தால் இந்நேரம் செருப்படி வாங்கியிருக்கும்.

அந்தக் கொப்பரை கூகைப்பாறைக்கு வந்த அன்றைக்கே சடையாண்டிக்கு அதைப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது என்று எதைச் சொல்வது? ஆடு பிடிக்கும், அதிலும் விற்கிற ஆடு பிடிக்காது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். படித்தவன் சிரித்துக்கொண்டு பேசினால் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

கூகைப்பாறை என்பது ஒரு மொட்டைக் கல்குன்று. அடிவாரத்து ஊருக்கும் அதே பேர்தான். குன்று முழுக்கப் பாறை ஓணான். வெயில் காலத்தில் ஆண் ஓணானுக்குக் கழுத்தும் முதுகும் சிவந்து, கல்யாண மாப்பிள்ளைக்குச் சால்வை போட்ட மாதிரி மேட்டில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

கொப்பரையோடு வந்த அதிகாரி ஜெசிந்தா, தூத்துக்குடிப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். வெயிலுக்குத் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. குன்றில் நாலாயிரம் ஓணான் தேறும், ஆனால் வாரிசுக் கணக்கு நாற்பத்தொன்றுதான் என்று அவள் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நாலாயிரத்தை நாற்பத்தொன்று என்கிறவளிடம் ஆட்டைச் சந்தைக்குக் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்று சடையாண்டி பக்கத்தில் நின்றவனிடம் சத்தமாகவே கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. "கூட்டம் பெருசுதாங்கய்யா. ஆனா ரத்தம் சின்னது. சிவப்புக் கழுத்துத் தடியன் ஒவ்வொருத்தனும் ஒரு பாறையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மத்தவனை அண்ட விடறதில்ல. முட்டை எல்லாம் அவனோடது. மிச்ச ஆம்பளை எல்லாம் கல்யாணமாகாத கட்டைதான். அந்தத் தடியன்களும் ஒருத்தனுக்கொருத்தன் அண்ணன் தம்பி. சேர்ந்தது எல்லாம் சித்தப்பன் மக, பெரியப்பன் மக."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. சித்தப்பன் மகளையா? தங்கச்சி முறையல்லவா அது? த்தூ என்று ஒருத்தி துப்பினாள். ஏன், முறையாக மாமன் மகளாகப் பார்த்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று தலைவர் வேலுத்துரை நியாயம் கேட்டார். இந்தக் கருவிக்குச் சித்தப்பன் மகளும் ஒன்றுதான், மாமன் மகளும் ஒன்றுதான் என்று ஜெசிந்தா சொன்னாள். அதைக் கேட்டபிறகு ஊருக்குக் கொப்பரைமேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. முறை தெரியாத கருவி.

அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்ப, கொப்பரை கூட்டத்தை மோந்துவிட்டது. திரையில் ஒன்பது என்று விழுந்தது. ஜெசிந்தா பதறி அணைத்தாள். வேலுத்துரை விடவில்லை. ஊரில் முன்னூறு பேர் இருக்கிறோம், கணக்கு ஒன்பது என்றால் மீதிப் பேர் இத்தனை வருசம் வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டார். அவர் சம்சாரம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சட்டத்தைச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. கணக்கு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அது வாரிசற்ற மலை. ஓணான்களை அள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடி வீட்டில் வைத்துவிடுவார்கள். மலையைக் கல்லுடைக்கிறவனுக்கு விட்டுவிடுவார்கள். வெடி வைக்கிற இடத்தில் ஊர் இருக்கக் கூடாது, ஆகவே ஊரும் கிளம்ப வேண்டியதுதான். மூன்று தரம் அளப்பார்கள். இது முதல் தரம். முட்டை பொரிக்கிற பருவம் கழிந்து இரண்டாவது, அதற்கடுத்த பருவம் கழிந்து மூன்றாவது. அத்தோடு தீர்ப்பு.

எல்லாரும் கலைந்தபிறகு சடையாண்டி மட்டும் நின்றார். அவர் வீடும் பட்டியும் குன்றை ஒட்டித்தான் இருந்தன. முதலில் இடிகிற சுவர் அவருடையது.

"ஏம்மா, சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டிருந்தா ஓணானுக்கு என்ன ஆகும்?"

"முட்டை நிறையக் கூழாப் போகுங்கய்யா. பொரிக்கிறதுலயும் கோளாறு வரலாம். கண்ணு, காதுன்னு ஏதாவது."

சடையாண்டியின் பேத்திகள் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கையால்தான் பேசிக்கொள்ளும். மகனுக்குத் தன் மைத்துனன் மகளைத்தான் எடுத்திருந்தார். அவருக்கு அவருடைய அப்பன் எடுத்ததும் அப்படித்தான். அம்மன் குற்றம் என்று ஊரில் சொன்னார்கள். அம்மனுக்குக் கிடா வெட்டியும் பார்த்தாகிவிட்டது.

கணக்கை ஏற்ற என்ன வழி என்று மட்டும் கேட்டார். வெளி ரத்தம் வர வேண்டும் என்றாள். ஆனால் யாரும் ஓணானைப் பிடித்துக் கொண்டுவந்து விடக் கூடாது, பிடித்தால் ஜெயில் என்றாள். சடையாண்டி முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஊர்க்கூட்டத்தில் எந்த மலையிலிருந்து எடுப்பது என்று பேச்சு வந்தபோது சந்தேகமே இல்லாமல் எல்லாரும் சங்குமலை என்றார்கள். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிற ஊர். தலைமுறை தலைமுறையாக மாமன் மச்சான். ஓணானுக்கும் அதுதானே முறை? வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒருத்தி மட்டும், எதிரே கூப்பிடு தூரத்தில் நரிப்பாறை இருக்கும்போது எதற்கு அத்தனை தொலைவு போக வேண்டும் என்று கேட்டுவிட்டாள். சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நரிப்பாறை பங்காளி ஊர். ஒரு காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு குன்றடியில் குடியேறியதாகப் பேச்சு. ஒரே குலசாமி. ஆகவே அந்த ஊர் ஆணெல்லாம் இந்த ஊர்ப் பெண்ணுக்கு அண்ணன், தம்பி. அப்படிப்பட்ட ஊரில் இருளப்பன் என்பவனோடு சடையாண்டியின் தங்கை வெள்ளத்தாயி ஒரு பகல் பொழுதில் எல்லாரும் பார்க்க நடந்து போய்விட்டாள். அன்றையிலிருந்து இரண்டு ஊருக்கும் தண்ணீர் புழங்குவது கிடையாது. நடுவில் கிடக்கிற பொட்டலில் வண்டித்தடம்கூட மறைந்துபோனது. வெள்ளத்தாயி என்ற பேரைச் சடையாண்டி வாயால் சொல்லி நாற்பது வருசம் இருக்கும். அந்தப் பேரில் ஒரு வெள்ளாடு இருந்தது, அதைக்கூட விற்றுவிட்டார்.

சங்குமலை ஓணானைக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல். வானத்தில் காவல் குளவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. குளவி என்று ஊர்க்காரர்கள் சொல்வது பறக்கிற கேமராவை. சாக்கில் கூடையில் எதைத் தூக்கிப் போனாலும் கீழே இறங்கி எட்டிப் பார்க்கும். ஆனால் சாமி ஊர்வலம் என்றால் மரியாதையாக விலகிப் போகும்படி அதற்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். எந்த அதிகாரியும் அந்த விசயத்தில் வம்பை விலைக்கு வாங்க மாட்டான்.

அப்புறம் என்ன, பால்குடம் எடுத்தார்கள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகப் பெண்கள் சங்குமலையிலிருந்து வரிசையாக வந்தார்கள். தலையில் குடம், குடத்தின் வாயில் மஞ்சள் துணி, உள்ளே தென்னை ஈர்க்குச் சுருக்கில் விழுந்த சிவப்புக் கழுத்து மாப்பிள்ளைகள். நல்ல தடியன்களாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். வேலுத்துரை சம்சாரத்தின் குடத்தில் ஒன்று பிறாண்டு பிறாண்டென்று பிறாண்ட, அவள் சாமி வந்தவளாக ஆடித் தீர்த்தாள். வழியில் சாவடிக் காவலர் ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு சொட்டுப் பால் கேட்டார். அம்மனுக்கு முன்னால் ஆளுக்குக் கிடையாது என்று சடையாண்டி அதட்டினார். குளவி தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. அதன்பின் பக்தியோடு விலகிப் போனது.

இரண்டாவது தரம் அளந்தபோது கணக்கு முப்பத்தொன்பது.

ஜெசிந்தா கொப்பரையைப் பார்த்தாள், குன்றைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் சிரிப்பை அடக்கினாள்.

"யாரு கொண்டாந்ததுன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். வந்திருக்கறது வெளி ரத்தம் இல்ல. உங்க ஓணானுக்கு அது சொந்தச் சித்தப்பன் பிள்ளைதான். அதுலயும் தடியனாப் பாத்துப் பிடிச்சதால, இங்க ஏதோ கொஞ்சம் குடும்பம் நடத்திக்கிட்டிருந்த சின்ன ஆம்பளைகளையும் அடிச்சு விரட்டிருச்சு."

சங்குமலை எங்கே, கூகைப்பாறை எங்கே, எப்படிச் சொந்தம் ஆகும் என்று சடையாண்டி சண்டைக்கு நின்றார். அவள் நிதானமாகச் சொன்னாள். பாறை ஓணான் தரையில் இறங்கி நடக்காது, இறங்கினால் பருந்து விடாது. ஆனால் வண்டியில் ஏறும். அந்தக் காலத்திலிருந்து இரண்டு ஊருக்கும் கல் வண்டி, முள் வண்டி, வைக்கோல் வண்டி என்று போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு பாரத்திலும் ஒன்றிரண்டு ஓணான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "மனுசங்க எந்த ஊரோட கொடுக்கல் வாங்கல் வச்சிருக்காங்களோ, ஓணானும் அந்த ஊரோடதாங்கய்யா உறவு. நீங்க எங்க காலே வைக்காம இருந்தீங்களோ, வெளி ரத்தம் அங்கதான் இருக்கும்."

எல்லாரும் எதிர்க்குன்றைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் நடந்த வாதத்தை எழுதினால் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். ஓணானுக்குப் பங்காளி உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. உண்டு என்று ஒரு பக்கம்: ஒரே குலசாமியின் எல்லைக்குள் இருக்கிற ஓணான் அண்ணன் தங்கைதான், தெரிந்தே சேர்த்துவைத்தால் பாவம். ஓணான் திருநீறு பூசுகிறதா, குலசாமிக்கு வரி கொடுக்கிறதா என்று இன்னொரு பக்கம். கடைசியில் எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். இந்தப் பகையில் அவர்தான் கல் மாதிரி நின்றவர். அவர் சொன்னால் சரி. மருமகள் ஓரமாக நின்று இரண்டு பேத்திகளுக்கும் கூட்டத்தில் பேசுவதைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பன் மகள் என்பதற்கு ஒரு சைகை, மாமன் மகள் என்பதற்கு ஒரு சைகை. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் இரண்டுக்கும் ஒரே சைகையைக் காட்ட ஆரம்பித்தாள். சடையாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் பொட்டலைத் தாண்டி நரிப்பாறைக்கு நடந்தார். வீடு தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு வாசலில் நின்ற கிழவி, அப்பன் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டிருந்ததால் அடையாளம் தெரிந்தது. கட்டிலில் ஒரு கிழவர் குனிந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?" என்றாள் வெள்ளத்தாயி.

"ஓணான் விசயமா வந்தேன்."

"ஓணான் பாறைமேல இருக்கு. அங்க போய்ப் பேசு."

அவர் நின்றார். அவளும் நின்றாள்.

"சரி, பேசலாம். முதல்ல ஒண்ணு சொல்லு. கட்டில்ல உக்காந்திருக்காரே, அவரு யாரு?"

"இருளப்பன்."

"பேரு எனக்குத் தெரியும். உனக்கு யாரு?"

அதுதான் பொறி என்று சடையாண்டிக்குத் தெரிந்தது. தம்பி என்று சொன்னால் பங்காளி. பங்காளியிடம் கொடுக்கல் வாங்கல் கேட்க முடியாது, வந்த வழியே போக வேண்டியதுதான். இன்னொரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் இவள் ஓடிப்போனவள் இல்லை, வாக்கப்பட்டுப் போனவள். நாற்பது வருசமாக ஊர் பேசி வந்த பேச்சு அந்த ஒரு சொல்லில் கவிழ்ந்துவிடும். திரும்பித் தன் குன்றைப் பார்த்தார். அங்கிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் இருந்தது. வெடி வைத்தால் ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது.

"மாப்ளே" என்றார். இருமின மாதிரி வந்தது.

"வாங்க மச்சான்" என்றார் இருளப்பன். இத்தனை வருசமாக அந்தப் பதில் வாயிலேயே இருந்த மாதிரி உடனே வந்தது. நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். ஒரு கைப்பிடிக் கடலையையும் நீட்டினார்.

வெள்ளத்தாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்ததும் பழைய குரல் வந்துவிட்டது. ஓணான் ஒன்றைக்கூடத் தர மாட்டேன், வேறொன்று காட்டுகிறேன் என்று அவரைக் குன்றுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கிருந்து ஊர் எல்லைக்கல் வரைக்கும் இடுப்புயரத்துக்குக் கற்களை அடுக்கி, நீளமாக ஒரு வரிசை வைத்திருந்தார்கள். ஈயம் பூசாத பாத்திரம் மாதிரி மங்கலாக, கழுத்துச் சிவக்காத ஓணான்கள் அதன்மேல் வரிசையாக வெயில் காய்ந்தன.

"எங்களுக்கு முன்னாடியே அளந்துட்டாங்க. கணக்கு முப்பத்தாறு. நானும் அந்தப் பிள்ளையைத்தான் கேட்டேன். வெளி ரத்தம் வரணும், பிடிச்சு விடக் கூடாதுன்னுச்சு. நீ முதல் வார்த்தையை மட்டும் கேட்டிருப்ப."

சடையாண்டி கடலையை மென்றார்.

"பிடிக்கத்தானே கூடாது? வழி வச்சா வராதான்னு கல்லைப் போட்டேன். வந்துருச்சு. எல்லாம் உங்க மலை ஓணான். உங்க தடியன்கிட்ட அடி வாங்கி, பொண்ணு கிடைக்காம நின்ன பயலுக. எல்லைக்கு அந்தப் பக்கம் உங்க பொட்டல் இருக்கே, அதுல பாதியைப் பருந்து தூக்கிருச்சு. மிச்சம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து இங்க குடித்தனம் பண்ணுது. எங்க கணக்கு நாப்பத்தேழு. இன்னும் மூணு வேணும்."

"உங்க ஓணான் எங்க பக்கம் வரலையே?"

"நான் இந்தப் பக்கம் வந்ததுக்கு எனக்கு ஒரு ஆளு இருந்தாரு. அந்தப் பக்கம் வந்தா என்ன இருக்கு, பருந்தும் நீயும்தானே?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "கல்யாணத்துக்கு நீ ஒரு வரிசையும் வைக்கல அண்ணே. இப்ப வை."

ஊர் திரும்பின சடையாண்டி யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. விடிந்ததும் குன்றடியில் கிடந்த கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பொட்டலுக்குள் இறங்கினார். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பங்காளி ஊரைப் பார்த்துக் கல் போகிறது என்று தெரிந்ததும் வேலுத்துரை நியாயம் பேச வந்தார். சடையாண்டி அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கையில் ஒரு கல்லைப் பிடித்தபடி நின்றதால் சுருக்கமாகவே முடித்துக்கொண்டார். ஒருநாள் மருமகள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வந்து கல் தூக்கினாள். அடுத்து, நரிப்பாறை ஓணான் என்று முதலில் வாயைத் திறந்த அந்த வெளியூர்க்காரி வந்தாள். அதற்குப் பிறகு வராதவர்களுக்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. குளவி வந்து தலைக்கு மேலே நின்று பார்த்தது. ஓணான் பிடிக்கிறவனை அதற்குத் தெரியும், சாமி கும்பிடுகிறவனைத் தெரியும். கல் அடுக்குகிறவனை என்ன செய்வது என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டது.

சடையாண்டியின் வரிசை எல்லைக்கல்லில் போய் வெள்ளத்தாயியின் வரிசையோடு முட்டியது. வெயில் ஏறியது, கழுத்துகள் சிவந்தன, மழை பெய்தது, குஞ்சு பொரித்தது.

மூன்றாவது தரம் அளக்க ஜெசிந்தா வந்தபோது இரண்டு ஊரும் வந்து நின்றன. கூகைப்பாறை ஒரு பக்கம், நரிப்பாறை ஒரு பக்கம், நடுவில் கல்வரிசை. கொப்பரையைத் திறந்தாள். வெகுநேரம் அது மோந்துகொண்டே இருந்தது. திரையில் வந்ததைப் பார்த்து அவள் நெற்றியைச் சுருக்கினாள். மூடித் திறந்து மறுபடி அளந்தாள்.

போச்சு என்று சடையாண்டி பல்லைக் கடித்தார்.

கூகைப்பாறைக்கென்று கணக்கு எதுவும் வரவில்லை என்றாள் அவள். நரிப்பாறைக்கும் வரவில்லை. இரண்டு பக்கமும் ரத்தம் கலந்துவிட்டதால் கருவிக்கு இப்போது இது இரண்டு மலை இல்லை. ஒரே கூட்டம், ஒரே கணக்கு, எண்பத்தெட்டு. சட்டப்படி இனி இரண்டையும் சேர்த்து ஒரே மலை என்றுதான் பலகை வைக்க வேண்டும். எவனும் ஒரு கல்லைக்கூட உடைக்க முடியாது.

சந்தோசப்பட ஊர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பலகையில் யார் பேர் முதலில் என்று அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். மூத்தவன் குடியேறியது எங்கள் பாறையில் என்றது ஒரு பக்கம். முதலில் கல் போட்டது நாங்கள் என்றது இன்னொரு பக்கம். நாற்பது வருசம் பேசாமல் வைத்திருந்த பேச்சை எல்லாம் வட்டி போட்டுப் பேசினார்கள். ஜெசிந்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முதலில் இதைச் சொல்லுங்கள், இந்தக் கல் என்ன கல், எதற்காகப் போட்டது, காரணம் எழுதாமல் கருவி மேலே போக மாட்டேன் என்கிறது என்றாள்.

"தங்கச்சிக்கு வச்ச சீர்வரிசை" என்றார் சடையாண்டி.

அவள் அப்படியே எழுதினாள். கருவியும் ஒத்துக்கொண்டது. அடுத்து பேர். கூகைப்பாறைக்காரர்கள் எல்லாம் சடையாண்டியை நம்பிக்கையோடு பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை வீட்டுப் பேரை முதல்ல எழுதும்மா."

நரிப்பாறைப் பக்கம் ஒரே கொக்கரிப்பு. இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், காது மட்டும் சிவந்திருந்தது. வெள்ளத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப சரி. விருந்து பொண்ணு வீட்டுல. எல்லாரும் நடங்க."

நரிப்பாறை மொத்தமும் கல்வரிசையை ஒட்டிக் கூகைப்பாறையைப் பார்க்க நடக்க ஆரம்பித்தது. சடையாண்டி தன் ஆட்டுப் பட்டி இருக்கிற திசையைப் பார்த்தார். வாய்க்குள் என்னவோ திட்டிக்கொண்டே, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர எட்டி நடைபோட்டார்.